எட்டு நாள் பிந்திய திருத்தம்

மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டிருந்தார். அகராதியை எப்படிப் புரட்டுவது, அரசாணையின் நீண்ட வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்பதெல்லாம் மூன்று மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. நான் செய்த ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். என் பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறியது அது ஒன்றுதான்.

1940ஆம் வருஷம். சேலத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நான் இரண்டாவது மொழிபெயர்ப்பாளர். வயது இருபத்தேழு. பிறந்தது கெங்கவல்லிப் பக்கம். சிறு வயதிலேயே அப்பாவும் அம்மாவும் தவறிவிட, காரைக்காலில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா வீட்டில் வளர்ந்தேன். அங்கே பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் பிரெஞ்சு படித்தேன். அக்காவும் பிரசவத்தில் போன பிறகு எனக்கென்று போய் இறங்க ஒரு வீடு இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறை, மெஸ் சாப்பாடு. அலுவலகத்தில் படித்ததையும் எழுதியதையும் வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. அதை விட்டால் பேச என்னிடம் வேறு விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்காரரிடம் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று சொல்வதைத் தவிர வாயைத் திறக்காமலே பொழுது போய்விடும்.

அந்த ஜூன் மாதம் வரைக்கும் நான் மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரங்களில் இங்கிலாந்தும் பிரான்சும் ஓருடம்பு. ஒருவரைக் கேட்காமல் ஒருவர் எதிரியோடு சமாதானம் பேசுவதில்லை என்று மூன்று மாதம் முன்புதான் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன. அதையும் நான்தான் தமிழில் எழுதினேன். ஜூன் பாதியில் பாரிஸ் விழுந்தது. இனிச் சண்டை போட முடியாது, நிறுத்திக்கொள்கிறோம் என்றது பிரான்ஸ். கடைசி ஆள் வரை போடுவோம் என்றது இங்கிலாந்து. பிரெஞ்சுக்காரர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தளபதி லண்டனுக்குப் போய், சண்டை முடியவில்லை, என்னோடு வாருங்கள் என்று வானொலியில் கூப்பிட்டார். பிரான்சில் இருந்த அரசாங்கம் அவரைக் குற்றவாளி என்றது.

ஒரு வாரத்துக்குள் எங்களுக்கு உத்தரவு வந்தது. ஜில்லாவில் உள்ள பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லாரிடமும் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். யுத்தத்தில் நான் பிரிட்டன் பக்கம், கூட்டணியிலிருந்து பிரிந்துபோன அரசாங்கத்தை நான் ஏற்கவில்லை, அதற்கு எந்த உதவியும் செய்ய மாட்டேன் என்பது அதன் சாரம். ஜில்லாவில் இருந்த பிரெஞ்சுப் பிரஜைகளில் பாதிக்கு மேல் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்து நூல் வியாபாரமும் உத்தியோகமும் பார்த்த நம் தமிழ் ஆட்கள். அதனால் ஒரே தாளில் மேலே ஆங்கிலம், கீழே தமிழ், அடியில் கையெழுத்துக்கு இடம். தமிழை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அன்றைக்குக் காலையில் பத்திரிகை படித்துவிட்டு வந்திருந்தேன். மனசு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கும் அந்த யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு யோசித்தால் விடை தெரியவில்லை. தினமும் அதையே எழுதி எழுதி, அது ஒன்றுதான் எனக்குத் துணை போல ஆகியிருந்தது. "கூட்டணியிலிருந்து பிரிந்துபோன அரசாங்கம்" என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் "கூட்டணிக்குத் துரோகம் செய்த அரசாங்கம்" என்று எழுதினேன். எழுதியபோது நிறைவாகக்கூட இருந்தது. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அச்சாகிவிட்டது.

காரைக்கால் ஆட்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டுப் போட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர், பரமத்தி வேலூருக்கு அந்தப் பக்கம் காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் பங்குச் சாமியாராக இருந்த பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்தேன். இரண்டு பக்கமும் கொடிக்கால். அகத்தியில் வெற்றிலைக்கொடி ஏறி, உள்ளே வெயில் இறங்காத ஈர நிழல். வழியெல்லாம் பிரெஞ்சில் பேச வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாமியார் கோயிலுக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு கூலியாளின் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கூன் விழுந்த நெடிய உடம்பு. வெள்ளை அங்கியின் ஓரமெல்லாம் வாய்க்கால் சேறு. நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து மளமளவென்று பிரெஞ்சில் பதில் சொன்னார். பாதி எனக்குப் புரியவில்லை. என் முழியைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"ஏனுங்க, வெயில்ல நடந்தேங்களா வந்தீங்க? மொதல்ல மோரு குடிங்க. காயிதம் எங்கயும் ஓடிப்போவாது."

முப்பது வருஷமாக அந்த ஊரில் இருந்தவர். கெங்கவல்லிக்காரனான என்னைவிட அவர் பேச்சில் கொங்கு அதிகம்.

படிவத்தை வாங்கி, மேலே இருந்த ஆங்கிலத்தை ஒரு தடவையும், கீழே இருந்த தமிழை இரண்டு தடவையும் படித்தார்.

"இங்கிலீசுல பிரிஞ்சுபோன சர்க்கார்னு இருக்குது. அது நடந்ததுதானுங்க. பிரிஞ்சுதான் போனாங்க. தமிழ்ல துரோகம்னு இருக்குதே. இதை ஆருங்க எழுதினது?"

"ஆபீஸ்ல" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே."

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். முந்தைய யுத்தத்தில் அவரையும் இங்கிருந்து பட்டாளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு வருஷம் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலை. அடுத்த பதுங்குகுழியில் இங்கிலீஷ்காரப் பையன்கள். அவர் பிறந்த கிராமத்தில் செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி நட்டிருக்கிறார்களாம். அவருடைய அண்ணன், தம்பி இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கிறது. இன்னும் உயிரோடு இருப்பது அக்கா ஒருத்தி மட்டும்.

"சண்டைய நிறுத்தினது சரின்னு நான் சொல்ல வரலீங்க. போட்டிருக்கோணும்னுதான் எனக்கும் தோணுது. ஆனா ஒருக்கா அத்தனை பேரைக் குடுத்த ஊரு, மறுக்காக் குடுக்க மாட்டேன்னு சொன்னா அதுக்குப் பேரு துரோகம் இல்லீங்க. இந்த ஊருச் சனத்துக்கு நான் தமிழ்லதான் பிரசங்கம் வெக்கறேன். அதே தமிழ்ல என்ர ஊரைத் துரோகின்னு எழுதிக் கையெழுத்துப் போட முடியாதுங்க."

பிறகு அவரே வழி சொன்னார். "இந்த ஒரு வார்த்தைய அடிச்சுப்போட்டு, பிரிஞ்சுபோனன்னு எழுதிக் குடுங்க. இப்பவே போட்டுத்தாரேன்."

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட வேண்டும். சேலத்தில் ஏன் திருத்தினாய் என்று கேட்பார்கள். யார் எழுதியது என்ற கேள்வி வரும். மற்ற எல்லாரும் கையெழுத்திட்ட தாள்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் மனசில் ஓடியது.

"திருத்திய படிவமாகவே கொண்டுவந்துவிடுகிறேன் சாமி. இரண்டு நாளில்" என்றேன்.

"சரிங்க. சூதானமாப் போயிட்டு வாங்க" என்று வாய்க்கால் வரைக்கும் கூட வந்தார்.

சேலம் திரும்பியதும் சிரஸ்தாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சிரஸ்தார் என்பது அலுவலகத்தின் தலைமை எழுத்தர். குரலை உயர்த்தாத மனிதர், ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ பெரிய பிழை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் நாள் அவர் வேலையாக இருந்தார். இரண்டாம் நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கையெழுத்து என்னவாயிற்று என்று மேலே இருந்து குறிப்பு வந்தது. "ஆள் ஊரில் இல்லை" என்று பதில் எழுதினேன். அந்தப் பொய்யை எழுதிய பிறகு உண்மையைச் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டமாகிவிட்டது. ராத்திரி படுத்தால் அந்த ஒரு வார்த்தைதான். யாரிடமாவது சொன்னால் பாரம் இறங்கும். சொல்ல யாரும் இல்லை.

எட்டாவது நாள் காலையில் தந்திச் செய்திகள் என் மேஜைக்கு வந்தன. வட ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நின்றிருக்கின்றன. அவை ஜெர்மனி கைக்குப் போய்விடக்கூடாது என்று, எங்களோடு வாருங்கள் அல்லது கப்பலை மூழ்கடியுங்கள் என்று பிரிட்டிஷ் கடற்படை கெடு வைத்திருக்கிறது. கெடு முடிந்ததும் சுட்டுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு மாலுமிகள் செத்துப்போனார்கள். மூன்று வாரம் முன்பு வரை இரண்டு கடற்படையும் சேர்ந்து காவல் சுற்றியவை.

அறிவிப்புப் பலகைக்காக அதைத் தமிழில் எழுதிவிட்டு நேராகச் சிரஸ்தாரிடம் போனேன். வார்த்தையையும் சொன்னேன், "ஊரில் இல்லை" என்று எழுதியதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா எழுத்துப் பிழை. எட்டு நாள் வச்சிருந்து சொல்றீங்க. இப்ப இது பிழை இல்லை" என்றார்.

தானே உட்கார்ந்து புதுப் படிவத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லி, வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் பார்த்து, என் கையில் கொடுத்தார். "மத்தியான பஸ்ஸுக்கே போங்க. மத்ததை வந்து பேசிக்கலாம்."

நான் போனபோது சாமியார் கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்திரிகை மடித்து வைத்திருந்தது. புதுப் படிவத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"இப்பச் சரியா இருக்குதுங்க" என்றார். தாளைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"என்ர அக்கா மகன் கப்பல்ல இருக்கறான். இதுல போட்டிருக்கற கப்பல்லதான். வெடிச்சுக் கவுந்துபோச்சுன்னு போட்டிருக்குது. அதுல ஒரு சிலரு நீந்தித் தப்பிச்சாங்கன்னும் போட்டிருக்குது. அவன் எதுல சேர்த்தின்னு தெரியலீங்க."

அவர் தொடர்ந்தார்.

"காலையில பூசைக்கு நின்னேன். செத்தவங்களுக்கு ஒரு பூசை உண்டுங்க. அவன் உசுரோட இருந்தான்னா அதை வெக்கக்கூடாது. இல்லீன்னா வெக்காம இருக்கக்கூடாது. என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுட்டேன். தபாலும் போறதில்லை. ஆரைக் கேக்கறது?"

"சாமி, அந்த வார்த்தைய எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க. அன்னைக்கே உங்க மொகத்துல இருந்துச்சு."

"அன்னைக்கே திருத்திக் கொடுத்திருந்தா..."

"போட்டிருப்பனுங்க." பத்திரிகையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "இன்னைக்குப் போட முடியாது. அவனைச் சுட்டவங்க பக்கம் நானுன்னு எழுத எனக்குக் கை வராதுங்க. அவங்களுக்கு விரோதமா ஒண்ணும் பண்ண மாட்டேன். அதை வேணும்னா எழுதிக்கோங்க. இதுல போட மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் எங்கள் துரை என்னைக் கூப்பிட்டார். இளம் வயது ஆங்கிலேயர். நடந்தது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தேன். என் வார்த்தை, என் பொய், சாமியாரின் மருமகன் எல்லாம் அதில் இருந்தது. அவர் அதை மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினார்.

"என் தம்பி பிரான்சில் இருந்தான். பின்வாங்கிய படகுகளில் அவன் வரவில்லை. பிடிபட்டானா, செத்தானா, தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு மாதம் நின்றிருந்தால் என்று என் அம்மா எழுதுகிறாள். நான் அவளுக்கு என்ன பதில் எழுதுவது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பாதிரியாரால் ஆபத்து உண்டா? ஒரு வரியில் சொல்."

"ஆபத்து இல்லை" என்றேன்.

"உன் சொல்லை எப்படி நம்புவது?"

நான் எழுதிக் கொடுத்த தாளில் என் பொய் இருந்த வரியை அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

சாமியாரைக் காவல் முகாமுக்கு அனுப்புவதென்றுதான் முதலில் பேச்சு. சிரஸ்தார் உள்ளே போய் என்ன சொன்னாரோ, கடைசியில் வந்த உத்தரவு வேறு மாதிரி இருந்தது. சாமியார் தன் கிராம எல்லையைத் தாண்டக்கூடாது. ஆற்றைக் கடக்கக்கூடாது. சேலத்தில் மற்றப் பிரெஞ்சுச் சாமியார்கள் கூடும் வருஷக் கூட்டத்துக்கும் போகக்கூடாது. மாதம் ஒரு தடவை நான் போய் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். என் பதிவேட்டில் சிவப்பு மை ஏறியதும் அன்றைக்குத்தான்.

அந்த உத்தரவில் ஆறு என்ற சொல்லை எழுதியவர்களுக்கு, அவருடைய பங்கு மக்களில் பாதிப் பேர் அக்கரையில் கரூர்ப் பக்கம் இருந்தது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

செப்டம்பரில் மாதப் பார்வைக்காக மூன்றாவது தடவை போனேன். ஓட்டு வீடு சாத்தியிருந்தது. கிராமத் தலைவரான மணியக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரிய விவசாயி, கொடிக்கால்காரர். கோயிலுக்குப் போகிறவர் இல்லை, ஆனாலும் சாமியார் மேல் மரியாதை உள்ளவர்.

"ஏனுங்க, நீங்க இன்னைக்கு வருவீங்கன்னு நெனைக்கலீங்க. சாமியாரு அக்கரைக்குப் போயிட்டாரு" என்றார். "அங்க ஒரு பொம்பளை சாகக் கெடக்குது. விடியக்காலம் ஆளு வந்து கூப்பிட்டான். இவுரு என்னைக் கேட்டாரு. நான் என்னங்க சொல்றது? அதிகாரி உத்தரவு இல்லாம அனுப்ப முடியாதுன்னேன். தந்தி குடுத்தா பதிலு வர ரெண்டு நாளாகும், அது வரைக்கும் அந்தப் பொம்பளை பொறுத்திருப்பாளான்னு கேட்டாரு. பரிசல்ல ஏறிப் போயிட்டாரு."

சாகும் தறுவாயில் எண்ணெய் பூசி ஜெபிப்பதை அவர்கள் அவஸ்தை என்பார்கள். அது கிடைக்காமல் போவது அவர்களுக்குப் பெரிய குறை. இதை மணியக்காரர்தான் எனக்கு விளக்கினார்.

"நீங்க வந்தப்போ இருந்தாருன்னு எழுதிப்போடுங்க. பொழுதுக்குள்ள வந்துருவாரு. ஆருக்கும் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். நான் பரிசல் துறைக்குப் போய் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்போது மத்தியானம். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்ததால் ஆறு கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. அக்கரை தென்னந்தோப்பு கோடு மாதிரி தெரிந்தது. இருந்தார் என்று எழுதினால் இன்றைக்கு எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த தடவை வேறு யாராவது பார்த்துச் சொன்னால் அவர் நேராக முகாமுக்குப் போவார், என் முந்தைய பொய்யோடு இதுவும் சேரும், அவருக்காக நான் சொன்ன ஒரு வரியும் செல்லாமல் போகும். இல்லை என்று எழுதினால் உத்தரவை மீறியவர். அப்போதும் முகாம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லாமல் நாலைந்து மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். துணி துவைக்க வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்கள்.

நீங்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒருநாள் உட்காருவீர்கள். சரியான விடை எனக்கு அன்றைக்குத் தெரிந்தது என்று நினைக்காதீர்கள். எட்டு நாள் வைத்திருந்ததால் என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரிந்தது.

எழுதினேன். மடியில் வைத்து, அங்கேயே. ஆள் ஊரில் இல்லை. சாகக் கிடந்த ஒரு பெண்ணுக்குச் சடங்கு செய்ய ஆற்றைக் கடந்திருக்கிறார். மணியக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அனுமதி கேட்டுக் காத்திருக்க நேரம் இல்லை. இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு நிரந்தர அனுமதி தராவிட்டால் உத்தரவைக் காப்பாற்ற அவரால் முடியாது. அவரைப் பற்றி நான் கொடுத்த உறுதியில் மாற்றமில்லை. கையெழுத்துப் போட்டு, மணியக்காரரையும் போடச் சொன்னேன். அவர் தயங்கினார். பிறகு போட்டார்.

பொழுது இறங்கும் நேரத்தில் பரிசல் வந்தது. சாமியார் நனைந்த அங்கியோடு கரை ஏறினார். என்னைப் பார்த்ததும் கால் நின்றது.

"வந்துட்டீங்களா" என்றார். "போயிட்டாளுங்க. நான் போய் ஒரு நாழி இருந்தா. கண்ணைத் தொறந்து பார்த்தா."

நான் எழுதியதை அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சம் போதாமல் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். தமிழில்தான் எழுதியிருந்தேன்.

"எல்லாம் நடந்ததுதான்" என்று திருப்பிக் கொடுத்தார். "எதுனாலும் வரட்டுங்க."

வேலூர் தபாலாபீஸ் சாத்திவிட்டார்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் சேலம் போய், துரை வருவதற்கு முன் அவர் அறை வாசலில் நின்றேன். படித்தார்.

"முதல் தடவை ஊரில் இருந்தவரை இல்லை என்று எழுதினாய். இப்போது நிஜமாகவே இல்லை என்று எழுதுகிறாய்" என்றார். சிரிக்கவில்லை. காகிதத்தை மேஜை மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தம்பியைப் பற்றி அன்றைக்கும் செய்தி வந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மத்தியானம் உத்தரவு திருத்தப்பட்டு வந்தது. நோயாளிகளுக்காக ஆற்றைக் கடக்கலாம், மணியக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். மற்றத் தடைகள் அப்படியே இருக்கும். மாதாந்திரப் பார்வையை இனி உள்ளூர் அதிகாரி செய்வார்.

என்னை ஆத்தூருக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, சாமியாரிடம் எனக்குப் பிடிப்பு வந்துவிட்டது என்ற எண்ணமா, யாரும் சொல்லவில்லை. ஆத்தூரில் நாலரை வருஷம். அங்கேயும் ஒரு மாடி அறைதான்.

1945இல், ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த கோடையில், மணியக்காரரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. "சாமியாருக்கு அவங்க ஊருக் காயிதம் வந்திருக்குது. கண்ணு தெரியறதில்லை. உங்களை வரச் சொல்றாரு." லீவு போட்டுவிட்டுப் போனேன்.

இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. என் குரலைக் கேட்டு எழுந்து, கையைத் தடவிப் பிடித்து உட்கார வைத்தார். கடிதத்தை அங்கிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். வந்து பத்து நாள் ஆகியிருந்தது. உறை பிரிக்கவில்லை.

அக்காவின் கடிதம். இரண்டே பக்கம். நான் ஒவ்வொரு வரியாக மெதுவாகப் படித்தேன். பையன் அன்றைக்கே கப்பலோடு போய்விட்டான். வீட்டில் ஒரு பக்கம் இடிந்திருக்கிறது. ஐந்து வருஷமாக உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் நீயும் போய்விட்டாய் என்று இருந்தேன். உயிரோடிருந்தால் எழுது. இன்னும் ஆங்கிலேயர்களோடுதான் இருக்கிறாயா?

கடைசி வரியைப் படிக்கும்போது என் குரல் இறங்கியது. அவர் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில அவனுக்குப் பூசை வெக்கலாம்" என்றார். "அஞ்சு வருசமாச்சு."

பிறகு பதில் எழுதச் சொன்னார். தாளை எடுத்தேன். பிரெஞ்சில் ஆரம்பித்தார். அன்புள்ள அக்கா என்றார். உன் கடிதம் கிடைத்தது என்றார். அதற்கு மேல் நின்றுவிட்டது. மறுபடி ஒரு சொல்லை எடுத்தார், அது பாதியில் லத்தீனாக மாறியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த ஐந்து வருஷத்தில் அவரிடம் பிரெஞ்சு பேச ஒருவரும் வரவில்லை. படிக்கலாம் என்றால் கண் போய்விட்டது.

"வர மாட்டீங்குதுங்க" என்றார் மெதுவாக. "நான் தமிழ்ல சொல்றேன். நீங்க அதுல போட்டுக்குங்க."

சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். இடிந்த பக்கம் எது, கிணற்றுப் பக்கமா என்று கேட்கச் சொன்னார். இங்கே இந்த வருஷம் மழை சுமார் என்றும், ஊரில் மூன்று கல்யாணம் நடந்தது என்றும் சொன்னார். அவள் கேட்ட கேள்விக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. கடைசியில், "அவன் நெனப்பாவே இருக்குதுன்னு எழுதுங்க" என்றார்.

என் பேனா நின்றது. என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் அந்தச் சொல் இல்லை. "சாமி, நெனப்புக்கு என்ன போடறது?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். வெளியே யாரோ கிணற்றில் வாளியை விட்டார்கள். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை.

"தெரியலீங்க" என்றார்.

பிறகு நான் எனக்குத் தெரிந்ததில் மிகச் சாதாரணமான வார்த்தைகளைப் போட்டு, தினமும் அவனை நினைக்கிறேன் என்று எழுதினேன். எழுதியதை அவருக்குப் பிரெஞ்சில் படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னொருக்காப் படிங்க" என்றார்.

படித்தேன்.